கொல்லிமலையும் ரெண்டு விரல் ரப்பரும்!

பைக் வெச்சிருக்கீங்களா? அப்ப ஒரு சின்ன வேலை. இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு, பார்க்கிங்குக்குப் போய் உங்க வண்டியோட பின் டயருக்கு எதிரே குத்தவெச்சு உட்காருங்க. நடுவுல பட்டன் தேஞ்சு வழவழன்னு இருக்கும். ஆனா, ரெண்டு ஓரத்திலும் கடையில வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே ஒரு பட்டை மிச்சம் இருக்கும். எத்தனை விரல் அகலம்? அளந்தாச்சா? குட். இப்ப வாங்க, கொல்லிமலைக்குப் போவோம்!

'டயருக்கும் கொல்லிமலைக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?'னு கேட்கறீங்களா? சேலத்துல நான் படிச்சப்போ எங்க ஹாஸ்டல் பார்க்கிங்ல இதுதான் கவுரவப் பிரச்னை. வளைவுல வண்டியைச் சாய்ச்சு ஓட்டினாத்தான் டயரோட ஓரம் ரோட்டைத் தொடும், தேயும். சாய்க்காதவனுக்கு ஓரம் புதுசாவே இருக்கும். அந்தத் தேயாத பட்டைக்கு வெளிநாட்டு ரைடர்கள் வெச்ச பேர் 'சிக்கன் ஸ்ட்ரிப்'. நம்ம ஊர் பாஷையில சொன்னா, 'பயந்தாங்கொள்ளிப் பட்டை'! எனக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் அகலத்துக்கு இருந்தது. "மச்சி, நீ பைக் ஓட்டறியா, இல்ல ரயில் ஓட்டறியா?"ன்னு கலாய்ச்சாங்க. மானம் போச்சு. 'அழிச்சுக் காட்டறேன்டா'ன்னு கிளம்பிட்டேன்.

அழிக்கறதுக்கு நம்ம பக்கத்துல கொல்லிமலையை விட்டா வேற இடம் ஏது? ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு. வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு மொத்தம் 70! ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு போர்டு வேற. அது எச்சரிக்கைப் பலகைன்னு எனக்குத் தோணலை. ஸ்கோர் போர்டுன்னுதான் தோணுச்சு.

காலை அஞ்சு மணிக்கு மூணு பைக்ல கிளம்பினோம். சேலத்துல இருந்து நாமக்கல், அங்கிருந்து சேந்தமங்கலம், அடிவாரத்துல காரவள்ளி. இதுதான் ரூட். நாமக்கல்னா உங்களுக்கு முட்டையும் ஆஞ்சநேயரும் ஞாபகம் வரலாம். ஆனா, அது லாரி ஊருங்க. லாரிக்கு பாடி கட்டற பட்டறைகள் நிறைஞ்ச பூமி. அந்தப் பக்கத்துல டயரைப் பார்த்தே வண்டியோட ஜாதகம் சொல்ற ஆளுங்க இருக்காங்க. அப்படி ஒருத்தர்கிட்டதான் காத்து செக் பண்ண நிறுத்தினோம்.

பஞ்சர் கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். என் பின் டயரை உள்ளங்கையால ஒரு தடவு தடவினார். "ஏங் தம்பி, நேர் ரோட்டுலயே ரொம்ப ஓட்டுவீங்களாட்ட இருக்குது. காத்தும் ஜாஸ்தியா அடிக்கறீங்க. நடுவு சப்பையாப் போச்சு பாருங்க"ன்னார். எனக்கு ஆச்சரியம். அத்தனையும் நிஜம்!

அடுத்ததா ஒண்ணு சொன்னார். "வலது பக்கம் கொஞ்சம் கூடத் தேஞ்சிருக்குது. பயப்படாதீங்க, நம்மூர்ல நிறைய வண்டி அப்படித்தான்."

'அதெப்படி அங்கிள், ஒரு பக்கம் மட்டும்?'னு நீங்க கேட்பீங்க இல்லையா? நானும் கேட்டேன். அவர் சிகரெட் அட்டையில கோடு போட்டுக் காட்டினதை உங்களுக்கு நம்பரோட சொல்றேன்.

நாம ரோட்டுக்கு இடது பக்கமா போறோம். அப்ப இடது வளைவு நமக்கு உள்வட்டம், வலது வளைவு வெளிவட்டம். கொண்டை ஊசி வளைவை ஒரு அரை வட்டம்னு வெச்சுக்குங்க. உள் ஆரம் 8 மீட்டர்னா, இடது பக்கம் சாய்ஞ்சு ஓடற தூரம் 25 மீட்டர். வெளி ஆரம் 12 மீட்டர்னா, வலது பக்கம் சாய்ஞ்சு ஓடற தூரம் 38 மீட்டர். 70 வளைவுல பாதிக்குப் பாதி, அதாவது 35 இடது, 35 வலதுன்னு எடுத்தா, ஒரு தடவை ஏறினாலே டயரோட வலது பக்கம் ஏறத்தாழ 440 மீட்டர் அதிகமா உழைச்சிருக்கும்.

'இறங்கும்போது இடது, வலதாயிடும். கணக்கு சமன் ஆயிடுமே?'னு மடக்குவீங்க. அதான் இல்லை! இறங்கும்போதும் நாம இடது பக்கம்தானே வர்றோம்? அப்பவும் வலது வளைவுதான் வெளிவட்டம். ஆகமொத்தம் போக வர 880 மீட்டர். போதாக்குறைக்கு, மழைத் தண்ணி வடியறதுக்காக ரோட்டை நடுவுல உசத்தி, ஓரத்துல சரிவா போடறாங்க. அதனால நேரா போகும்போதும் டயரோட நடுப்பகுதிக்குக் கொஞ்சம் வலது பக்கம்தான் ரோட்டுல அழுந்துது. வலது பக்கமா வண்டி ஓட்டற அமெரிக்காவுல இது அப்படியே உல்டா. அங்கே இடது பக்கம் தேயும்!

கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: "நடுவு சப்பையான டயரு, சாய்க்கறப்ப மொதல்ல அடம் பிடிக்கும். அப்பறம் பொசுக்குனு படுத்துக்கும். பாத்துப் போங்க கண்ணு." நாங்க தலையாட்டிட்டு சிரிச்சோம். அந்த வயசுல தலையாட்டறது ஈஸி.

காரவள்ளி தாண்டினா முதல் போர்டு. 1/70. முதல் பத்து வளைவு தட்டுத் தடுமாறல். இருபதுல கை பழகிடுச்சு. முப்பதுல திமிர் வந்துடுச்சு.

இந்த இடத்துல ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸை ஒரு நிமிஷம் தூசி தட்டுவோம். வளைவுல வண்டி எவ்வளவு சாயணும்கறதைத் தீர்மானிக்கறது ரெண்டே விஷயம்தான். வேகம், வளைவோட ஆரம். நீங்க ஒல்லியா குண்டாங்கறதோ, பின்னால யார் உட்கார்ந்திருக்காங்கங்கறதோ கணக்குல வராது. 12 மீட்டர் ஆர வளைவுல 20 கி.மீ. வேகத்துக்கு 15 டிகிரி சாய்ஞ்சா போதும். 30-க்கு 30 டிகிரி. 40-க்கு 46 டிகிரி! கவனிச்சீங்களா? வேகம் ரெண்டு மடங்குதான் ஏறிச்சு. சாய்வு மூணு மடங்கு ஏறிடுச்சு. மோட்டோ ஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கு மேலேயே சாய்க்கறாங்கதான். ஆனா, அவங்களுக்குக் கூட்டி வெச்ச டிராக், சூடேத்தின பிசுபிசு டயர், விழுந்தா சறுக்கிப் போக இடம், எதிர்ல பஸ் வராதுங்கற கேரன்டி எல்லாம் இருக்கு. நமக்கு?

நமக்கு 47-வது வளைவுல பஸ் வந்துச்சு.

அது வலது வளைவு. நான் வெளிவட்டத்துல, என்னால முடிஞ்ச மட்டும் சாய்ச்சு ஏறிக்கிட்டிருக்கேன். ஃபுட்ரெஸ்ட் ரோட்டை உரசற சத்தம் கேட்குது. ஆஹா, பட்டை அழியுதுடான்னு மனசு குதிக்குது. மேலே இருந்து பஸ் இறங்குது. அதுக்கு அது உள்வட்டம். அவ்வளவு நீளமான பஸ் 8 மீட்டர் ஆரத்துல திரும்புமா? மூக்கை என் பக்கம் நீட்டித்தான் திரும்பியாகணும். நான் பாதையை இன்னும் சுருக்கணும். சுருக்கணும்னா இன்னும் சாய்க்கணும். ஆனா, சாய்க்கறதுக்கு மிச்சம் எதுவும் இல்லை. எல்லாத்தையும் ஏற்கெனவே செலவு பண்ணிட்டேன். பயத்துல பிரேக்கைப் பிடிச்சேன். டயருக்குக் கீழே ஒரு பிடி மணல் இருந்தது.

பொசுக்குனு படுத்துக்கும்னு பெரியவர் சொன்னாரே... அதேதான்.

பஸ் நின்னுடுச்சு. நானும் தடுப்புச் சுவர்ல மோதி நின்னுட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கீழே இருபது வளைவு தெரிஞ்சுது. கண்டக்டர் ஓடி வந்து தூக்கி உட்கார வெச்சு, தண்ணி கொடுத்தார். திட்டப் போறார்னு பார்த்தா, பாவமா கேட்டார். "ஏந் தம்பி, பஸ்ஸு மடங்குமா? நீங்கதான மடங்கணும்?"

வலது காரை எலும்பு முறிவு. எழுதற கை. ஆறு வாரம் தொட்டில் கட்டு. அந்த செமஸ்டர் ஒரு பேப்பர்கூட எழுத முடியலை. எங்க கேம்பஸ் இன்டர்வியூவுக்கு 'நோ அரியர்' ரூல் உண்டு. என்கூட மலையேறின ரெண்டு பேரும் வேலையோட வெளியே போனாங்க. நான் அரியரோட போனேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா ஒரு வார்த்தை திட்டலை. "வண்டி எப்படிப்பா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டார். இன்னிக்கும் அந்தக் கேள்விக்கு எனக்கு அர்த்தம் தெரியாது.

ரெண்டு மாசம் கழிச்சு வண்டியைப் பார்த்தேன். டயரோட வலது ஓரத்துல பட்டை சுத்தமா அழிஞ்சு, தார் ரோட்டோட கீறல் விளிம்பு வரைக்கும் இருந்தது. இடது ஓரத்துல ரெண்டு விரல் அப்படியே இருந்தது. பந்தயத்துல பாதி ஜெயிச்சுட்டேன்!

அப்பதான் புரிஞ்சுது. அந்த ரெண்டு விரல் ரப்பர் பயந்தாங்கொள்ளிப் பட்டை இல்லைங்க. கையிருப்பு. எதிர்பாராம பஸ் மூக்கை நீட்டும்போது, வளைவு நினைச்சதைவிட இறுகும்போது, இன்னும் ஒரு பத்து டிகிரி சாய்க்கறதுக்காக நீங்க பேங்க்ல போட்டு வெச்சிருக்கற பணம். அதைத் தினமும் எடுத்து செலவு பண்ணி, 'பார், என் அக்கவுன்ட்ல ஒண்ணுமே இல்லை'ன்னு பெருமை பேசறவனை என்னன்னு சொல்றது?

அப்புறமும் கொல்லிமலைக்கு நாலஞ்சு தடவை போயிட்டேன். இப்ப 20 கி.மீ. வேகம்தான். முதல் தடவை வளைவை எண்ணினதுல மலையைப் பார்க்கவே இல்லைங்கறது அப்பதான் தெரிஞ்சுது. ஏற ஏற காத்து குளிர்ந்து வர்றது, கீழே வயல் எல்லாம் சதுரம் சதுரமா சுருங்கறது, சோளக்காடு சந்தையில பலாப்பழ வாசனை மூக்கைத் துளைக்கறது, செம்மேட்டுல இருக்கற வல்வில் ஓரி சிலை, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கிட்டு, திரும்பி ஏறும்போது கால் நடுங்கறது... எல்லாம் 70/70 போர்டுக்கு அப்புறம்தான் இருக்கு. அதைப் பார்க்கணும்னா முதல்ல அதுவரைக்கும் போய்ச் சேரணும், இல்லையா?

நீங்க கிளம்பறதுக்கு முன்னால சில விஷயம். காத்தை டயர் சூடாகறதுக்கு முன்னால செக் பண்ணுங்க. ஜாஸ்தியானா நடுவு தேயும், குறைஞ்சா ரெண்டு ஓரமும் தேயும். டயர் பக்கவாட்டுல 'டி.டபிள்யூ.ஐ'னு குறி இருக்கும். அதுக்கு நேரா பட்டன் பள்ளத்துக்குள்ள ஒரு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேஞ்சிருந்தா, மலையை மறந்துட்டு டயர் கடைக்குப் போங்க. அதே பக்கவாட்டுல ஒரு நாலு இலக்க எண் இருக்கும். '2324'ன்னா 2024-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். புது டயர் போட்ட கையோட மலையேறாதீங்க. புது ரப்பர் முதல் நூறு கி.மீ. வரைக்கும் வழுக்கும். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னால. வளைவுக்குள்ள பிடிச்சா என் கதைதான். இறங்கும்போது ரெண்டாவது கியர்ல, இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமைன்னு சட்டமே இருக்கு. அதுக்காக பஸ்கிட்ட சட்டம் பேசிக்கிட்டு நிக்காதீங்க. ஹாரன் அடிச்சு, ஓரம் ஒதுங்கி, அது திரும்பின அப்புறம் ஏறுங்க.

சரி, மடிச்சு வெச்ச பக்கத்தைப் பிரிச்சுப் படிச்சாச்சா? இன்னொரு தடவை பார்க்கிங்குக்குப் போய் அந்த ஓரப் பட்டையைத் தொட்டுப் பாருங்க. ரெண்டு விரல் மிச்சம் இருக்கா?

இருக்கட்டும்!