பிழை தேடும் கல்வி

கைவேலையாக ஒரு மின்சுற்றை அமைப்பது மாலைப்பொழுதொன்றில் முடிந்துவிடும். அமைத்தது ஏன் எண்ணியவாறு நடக்கவில்லை என்று ஆராய்வதோ பல நாள்களை விழுங்கும். ஆயினும் கல்வி இருப்பது பின்னதில்தான்.

நம் இல்லத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தொட்டி நிரம்பிற்றா என்று பார்க்க உம்மா நாள்தோறும் இருமுறை படியேறி வந்தார்கள். முழங்கால் வலி வந்த பின்னரும் நிறுத்தவில்லை. ஒளுச் செய்யும் நீரையும் அளந்து புழங்கும் அவர்களுக்கு, தொட்டி வழிந்தோடுவதைக் காண மனம் பொறுக்காது. சென்னையின் ஏரிகள் 2019ஆம் ஆண்டுக் கோடையில் வறண்ட பின், ஒரு குடம் நீரின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனவே, தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் சிறு கருவியொன்றைச் செய்யத் துணிந்தோம். அதன் தத்துவம் எளிது. தொட்டியின் விளிம்பருகே இரு கம்பிகள் தொங்கும். செம்பானால் நேர்முனை அரிக்கப்படும் என்பதால், துருப்பிடிக்காத எஃகைக் கொண்டோம். நீர் இரண்டையும் தொட்டதும், அதில் கரைந்துள்ள உப்புகளால் மிகச் சிறு மின்னோட்டம் பாயும். அதனைப் பிசி 547 என்னும் டிரான்சிஸ்டர் நூறு மடங்குக்கு மேல் பெருக்கி, பஸ்ஸரை ஒலிக்கச் செய்யும். 9 வோல்ட் பேட்டரி ஒன்றே போதும்.

மேசைமேல், குவளை நீரில், குறையின்றி இயங்கிற்று. மாடிக்கு 40 அடி ஒயர் இழுத்துப் பொருத்திய பின்னரோ, பகலெல்லாம் மௌனமாயிருந்த கருவி, தொட்டி பாதி காலியாயிருக்கையிலேயே அந்தியில் முனகத் தொடங்கிற்று. பொய் சொல்லும் மணியை எவர் நம்புவார்? உம்மா மறுபடியும் படியேறினார்கள்.

இத்தகைய வேளையில் கண்டதையெல்லாம் கழற்றி மாற்றுவதில் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒன்றையே சோதிக்க வேண்டும். டிரான்சிஸ்டரிலிருந்து நீண்ட ஒயரைப் பிரித்தோம், ஒலி அடங்கிற்று. ஆகவே டிரான்சிஸ்டர் குற்றமற்றது. ஒயரை மீண்டும் இணைத்து, தொட்டியிலுள்ள எஃகுக் கம்பிகளை நீக்கினோம், முனகல் தொடர்ந்தது. ஆகவே நீரும் குற்றமற்றது. எஞ்சியது வழி. மாடிப்படி விளக்கை அணைத்தோம்; முனகல் நின்றது!

படிச்சுவரில் அவ்விளக்கின் ஒயரும் நம் ஒயரும் அருகருகே ஏறின. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அவ்வலை பக்கத்து ஒயரிலும் தொற்றி, டிரான்சிஸ்டரின் வாயிலைத் தட்டிற்று. காவலற்ற வாயில் எவர் தட்டினும் திறக்கும். வாயிலான பேஸிலிருந்து எதிர்முனைக்கு 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும், 1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் பற்றவைத்தோம். தொற்றிய சிற்றலை அவற்றின் வழியே வடிந்தது; நீர் கொணரும் வலிய ஓட்டம் மட்டுமே வாயிலைத் திறந்தது. ஆன செலவு சில ரூபாய்.

இப்போது உம்மா கீழிருந்தபடியே மோட்டாரை நிறுத்துகிறார்கள்.

மின்சுற்றுக்கு வஞ்சகம் தெரியாது. முறையாகக் கேட்டால் உண்மையையே உரைக்கும். குற்றத்தைக் கண்டறியும் வழி, குற்றமற்றவற்றை ஒவ்வொன்றாக விடுவிப்பதே. பற்றவைக்கும் கோலைக் கையில் எடுக்கும் பிள்ளைகளை, கை சுடாமல் பார்த்துக்கொள்வோம், ஆனால் தடுக்காதிருப்போம். அவர்கள் கற்பது மின்சாரம் மட்டுமன்று. அவசரப்பட்டு எதன்மீதும் பழி சுமத்தாத பொறுமையும் அதனுள் அடங்கும்.