முன்குறி

நுழையும்முன்
இலக்கிலேயே கண் வைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கைத்துப்பாக்கி சுடப் பயின்ற ஒருவர், இலக்கை விடுத்துத் தம் கையருகே நோக்கக் கற்ற அனுபவத்தை இக்கட்டுரை கூறுகிறது.

பதினாறு வயதில், ஞாயிறுதோறும் காங்கேயத்திலிருந்து பல்லடம் வழியாகக் கோவைக்குப் பேருந்தில் சென்று கைத்துப்பாக்கி சுடப் பழகினேன். ஒரே கையால் துப்பாக்கியை ஏந்தி, 10 மீட்டர் தொலைவிலுள்ள தாளைச் சுடும் காற்றுத்துப்பாக்கிப் பிரிவு அது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானதும் இப்பிரிவில்தான். பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தானின் அளவு.

என் கண்கள் அவ்வட்டத்தை விட்டு அகலவில்லை. குண்டுகளோ தாளெங்கும் சிதறின. பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் ஒரே வினாவைக் கேட்பார்: “சுட்ட நொடியில் முன்குறி எங்கே இருந்தது?”

“நடுவில்தான் இருந்தது, ஐயா” என்பேன். அது பொய். அந்த நொடியில் நான் கண்களை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டிலோ, துப்பாக்கி சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் பொறுமையிழந்தார். “பிழை எதுவென்று நீ சொல்லாவிட்டால் நான் எதைத் திருத்துவது? அடுத்த வாரமும் இதே விடைதான் என்றால் நீ வரவே வேண்டாம்” என்றார்.

தலைகுனிந்து வீடு திரும்பினேன். மறுநாள் அப்புச்சி கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி நட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடி, நட்ட போத்துகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்தார். போத்து பிடித்திருந்த நான் தொலைவிலுள்ள மூலைக்கல்லையே நோக்குவதைக் கண்டு, “எட்டக்க இருக்கறதையே பாத்தா, கிட்டக்க நடறது கோணிப்போயிரும் கண்ணு” என்றார்.

பயிற்சியாளர் பலமுறை சொன்னது அப்போதுதான் விளங்கிற்று. குழலின் நுனியில் நிற்கும் சிறு தகடு முன்குறி. கண்ணுக்கு அண்மையில் பள்ளம் வெட்டப்பட்ட தகடு பின்குறி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். கை முழுவதும் சாயாமல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீட்டரே விலகும். பின்குறியின் பள்ளத்திலிருந்து முன்குறி மட்டும் அதேயளவு பிசகினாலோ, குண்டு 30 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காண இயலும். எனவே முன்குறி தெளிய, இலக்கு மங்கத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு, “சுடும்போது கண்ணை மூடிவிடுகிறேன், ஐயா” என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் கடியவில்லை. தாளைத் திருப்பி, வெண்மையான பின்பக்கம் தெரியுமாறு மாட்டினார். “இலக்கு இல்லை. முன்குறியை மட்டும் பார்” என்றார்.

முதன்முறையாகப் பார்த்தேன். முன்குறி ஓரிடத்தில் நிற்கவில்லை. மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்ப அது அசைந்துகொண்டே இருந்தது. அவ்வசைவை முற்றிலும் நிறுத்த எவராலும் இயலாது. நான் அஞ்சி, விசையை வெடுக்கென இழுத்தபோதுதான் அது இடப்புறம் கீழே சரிந்தது. அதுவே என் பிழை, துப்பாக்கியின் பிழையன்று.

மாலையில் தாள் மீண்டும் திருப்பப்பட்டது. சுட்டபின்னும் கண்ணை எடுக்காமல், முன்குறி எழுந்து அடங்கும்வரை தொடர்ந்தேன். அவர் வழக்கமான வினாவைக் கேட்டார்.

“இடப்பக்கம் கீழே, ஐயா. ஏழு இருக்கும்.”

தாளை எடுத்துப் பார்த்தோம். இடப்பக்கம், கீழே, ஏழு.

பின்னாளில் பத்துப் புள்ளிகள் பல பெற்றிருக்கிறேன். அவற்றுள் எதுவும் அந்த ஏழுக்கு ஈடாகாது. அவர் அத்தாளை என்னிடம் தந்து, “இனி உனக்குக் கற்றுத்தர முடியும்” என்றார்.