ஆச்சி பாட்டும் ஓஜிஜி கோப்பும்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைஞ்சுக்கிட்டிருந்தப்போ "ஆச்சி"ங்கிற பேர்ல ஒரு ஓஜிஜி கோப்பு அகப்பட்டுது. 2005ல நான் பதிவு பண்ணினது. நாலு நிமிஷம். வெத்தலையை ஒரு ஓரமா ஒதுக்கிக்கிட்டு ஆச்சி பாடுற தாலாட்டு, நடுவுல குக்கர் விசில் வேற.

அப்போ நான் லினக்ஸ் பைத்தியம். (இப்பவும்தான், கொஞ்சம் தெளிஞ்சிருக்கு.) ஃபெடோரா கோர் 4 போட்டுட்டு எம்பி3 சிடியைச் சொருகினா சத்தமே வரல. ஒரு மணி நேரம் சவுண்டு கார்டைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ரெட் ஹாட் 2002லயே எம்பி3 வசதியை வேணும்னே கழட்டிட்டாங்கன்னு. காரணம், காப்புரிமை.

இதைப் பதிப்புரிமையோட குழப்பிக்காதீங்க மக்களே. பதிப்புரிமைன்னா நீங்க எழுதின நிரலை நான் நகலெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். காப்புரிமை அப்படி இல்ல. உங்க நிரல்ல ஒரு வரிகூடப் பார்க்காம நானே உக்காந்து எழுதினாலும், அந்த முறை உங்களோடதுன்னா காசு கட்டணும். எம்பி3க்கு டிகோடர் ஒண்ணுக்கு 75 சென்ட்னு பட்டியல் போட்டிருந்தாங்க. பெரிய காசு இல்லதான். ஆனா யார் வேணா யாருக்கு வேணா நகல் கொடுக்கலாம்கிற மென்பொருள்ல எத்தனை பிரதின்னு எப்படி எண்ணுறது, யார் கட்டுறது? 1998ல ஜெர்மனியோட ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் உரிமம் கேட்டு சின்னச் சின்ன நிரலாளர்களுக்குக் கடுதாசி அனுப்பினதுக்கு அப்புறம்தான் கிறிஸ் மாண்ட்கோமரி காப்புரிமைத் தொல்லை இல்லாத வோர்பிஸை எழுத ஆரம்பிச்சார். ஓஜிஜி கோப்புக்குள்ள இருந்தது அதுதான்.

நம்ம நாட்டுச் சட்டத்துல பிரிவு 3(கே) வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாதுன்னு சொல்லுது. 2004 டிசம்பர்ல அவசரச் சட்டம் போட்டு அதைத் தளர்த்தப் பார்த்தாங்க, 2005ல நாடாளுமன்றத்துல அது நிக்கல. ஆனா என்ன பிரயோஜனம்? அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து அங்க கழட்டினது பாளையங்கோட்டையிலயும் பாடாது. லிவ்னா களஞ்சியத்துல இருந்து இறக்கிப் போட்டா பாடும். டயல்அப்ல அது ஒரு ராத்திரி வேலை.

சரி, ஆச்சிக்கு வர்றேன். கொள்கைப்படி ஓஜிஜியிலயே பதிவு பண்ணி, மஸ்கட்ல இருந்த அக்காவுக்கு மெயில்ல அனுப்பினேன். போன் வந்துது. "என்னல அனுப்பியிருக்க? தொறக்கவே மாட்டேங்கு."

கோடெக் போடுக்கான்னேன். அத்தானோட ஆபீஸ் பொட்டி, எதையும் நிறுவ விடமாட்டாங்கன்னா. லேம் வச்சு எம்பி3யா மாத்த அரை நிமிஷம் ஆகியிருக்காது. மாத்தல. அதுக்குப் பதிலா கட்டற்ற வடிவங்கள் பத்தி ஐஎஸ்டி போன்ல, அவ காசுல, பிரசங்கம் பண்ணினேன்.

மறு வருஷம் தை மாசம் ஆச்சி போயிட்டா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச ராத்திரி என் பொட்டியில போட்டுக் காட்டினேன். நாலு நிமிஷமும் அக்கா ஒண்ணும் பேசல. அப்புறம், "இதைத்தான் அன்னைக்கு அனுப்பினியா?"ன்னு மட்டும் கேட்டா.

2017 ஏப்ரல் 23ஆம் தேதியோட எம்பி3 உரிமத் திட்டம் முடிஞ்சுது. நாம போராடி ஜெயிக்கல, காப்புரிமைக்கு வயசாகிப் போச்சு. வீடியோவுல தலைவலி தீரல. 2022ல எச்.264, எச்.265க்கான ஹார்ட்வேர் வசதியை ஃபெடோரா கழட்டினப்போ எனக்குப் பழைய சவுண்டு கார்டு ஞாபகம்தான் வந்துது.

இப்போ அக்கா தினமும் வாட்ஸப்புல குரல் அனுப்புறா. அது ஓபஸ், ஓஜிஜி பொதிக்குள்ள. வோர்பிஸ் பண்ணின அதே கூட்டமும் சேர்ந்து செஞ்சது, 2012ல தரநிலை ஆச்சு. அவளுக்கு இது தெரியாது, நானும் சொல்லல. ஆச்சி பாட்டை எம்பி3யா மாத்தித்தான் நேத்து அனுப்பினேன். எதுக்கு வம்பு.

பதில் குரல் ஆறு செகண்டு. முதல்ல மூக்கை உறிஞ்சுற சத்தம், அப்புறம், "குக்கரை யாருல எறக்காம விட்டது?"