தலையெழுத்தும் பதிவேடும்

"வேலை போய்விட்டது" என்பார் ஆலைத் தொழிலாளி. காஞ்சியிலே தறிக்காரர் அப்படிச் சொல்வதில்லை. "பாவு வரவில்லை" என்பார். அவ்வளவுதான்! நீக்கியவர் யார், நீக்கிய நாள் எது, நீக்கியதற்கு ஈடு என்ன என்ற கேள்விகள் தலைகாட்டவே இடந்தராத இரண்டு சொற்கள். மழை பெய்யவில்லை என்பது போல, பாவு வரவில்லை! கூட்டுறவுச் சங்கமோ, தனியார் முதலாளியோ பட்டும் சரிகையும் தந்தால் தறி ஆடும், அடுப்பு எரியும். தராவிட்டால் தறியும் ஓயும், அடுப்பும் ஓயும். பிறகென்ன? "எல்லாம் தலையெழுத்து" என்றொரு பெருமூச்சு.

நாம் கேட்கிறோம்: அந்தத் தலையெழுத்து எந்த ஏட்டிலே எழுதப்பட்டது? அன்றி, எந்த ஏட்டிலே எழுதப்படாமல் விடப்பட்டது?

1953-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஆலைகளிலே துணி தேங்கிற்று. ஷிப்டுகள் மூடப்படும், தொழிலாளர் வீதிக்கு வருவர் என்ற அச்சம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அவசரச் சட்டம் பிறந்தது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலே புதிய அத்தியாயமாய் அது இடம்பெற்றது. வேலை தர இயலாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. ஆட்குறைப்புச் செய்தால், உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். மறுபடி ஆளெடுக்கும்போது, நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. 20 ஆண்டு உழைத்தவருக்கு 300 நாள் சம்பளம்! நேற்றுவரை விதி எனப்பட்டது, அன்று முதல் விதிமுறையாயிற்று.

அதே 1953-இல்தான், தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து, திராவிட முன்னேற்றக் கழகத் தோழர்கள் தெருத்தெருவாய் விற்றனர். காஞ்சியிலே நெசவாளர் குடும்பத்திலே பிறந்த அண்ணா அப்பணியில் முன்னின்றார். ஆலைத் துணி தேங்கியபோது சட்டம் ஓடி வந்தது. கைத்தறித் துணி தேங்கியபோது தோழர்களின் தோள்தான் வந்தது! அந்தத் தோளை வாழ்த்துவோம். ஆனால் தோள் தருவது துணை. சட்டம் தருவது உரிமை. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இந்த வேற்றுமையின் வேர் எங்கே? வேலையற்ற நாளுக்குப் பாதிச் சம்பளம் பெற, ஓராண்டுத் தொடர் பணி வேண்டும். நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டிலே பெயர் இருத்தல் வேண்டும். அங்கே 50 பேராவது வேலை செய்தல் வேண்டும். வீட்டுக் கூடத்துக் குழித்தறியிலே ஐம்பது பேரா உட்கார முடியும்? கோர்வைச் சேலைக்கு இருவர் அமர்ந்தாலே இடம் நெருக்கும். அந்த இருவருக்கு யார் பதிவேடு வைக்கிறார்கள்?

பள்ளியிலே நாம் நாள்தோறும் பதிவேடு எடுக்கிறோம்; நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்கின்றனர். அவர்களுள் ஒருவரின் தந்தை, விண்ணப்பத் தாள் ஒன்றை நிரப்ப வந்தார். தொழில் என்ற இடத்திலே நெசவு என்று எழுதினார். வேலை அளிப்பவர் என்ற இடத்திலே பேனா நின்றது. "யார் பேரைப் போடறது சார்? தறி என்னுது. பாவு அவங்களுது. முடிஞ்ச சேலையும் அவங்களுது. கடன் மட்டும் மறுபடி என்னுது" என்றார். பொருளாதார நூல் பல பக்கங்களில் விளக்குவதை, அந்த மனிதர் நான்கு வாக்கியத்திலே முடித்துவிட்டார். கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

அந்த வெற்றுக் கட்டம் எத்தகைய பள்ளம் என்பதை 2020 காட்டிற்று. பிரிட்டனிலே அவ்வாண்டு மார்ச்சில், வேலையின்றி வீட்டிலிருப்போரின் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரம்புக்குள், அரசே ஏற்றது. ஏற்கனவே ஆட்குறைப்பில் நீக்கப்பட்டோரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டு அத்திட்டத்திலே நிறுத்தலாம் என்றது. 2021 செப்டம்பர் 30 வரை அது நடந்தது. அங்கும் வழிகாட்டியது ஏடுதான்: சம்பளப் பட்டியலிலே பெயர் இருந்தவருக்கே பணம்.

இங்கோ, ஊரடங்கு நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் தருக என்று 2020 மார்ச் 29 அன்று ஒன்றிய அரசு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. தன் கருவூலத்தைத் திறக்கவில்லை. மே மாதத்திலே ஆணை மறைந்தது. இருசாராரும் பேசித் தீர்த்துக்கொள்க என்று ஜூன் 12 அன்று உச்சநீதிமன்றம் கூறிற்று. பேசுவதற்கு எதிரே ஒரு முதலாளி இருந்தாலன்றோ தறிக்காரர் பேசுவார்? அரிசி அட்டைக்கு மாநில அரசு தந்த 1,000 ரூபாய் வந்தது. அது பசிக்குத் தந்தது. இழந்த வேலைக்கு ஈடன்று.

அதற்கு முந்திய 2019-இல், அத்திவரதர் விழாவுக்கென 48 நாட்கள், இதே ஊருக்குத் தண்ணீர், மருத்துவம், காவல், பேருந்து அனைத்தும் வந்தன. வந்தோர் எத்தனை பேர் என்று நாள்தோறும் எண்ணிச் சொன்னார்கள். 40 ஆண்டுக்கொருமுறை நீரிலிருந்து எழும் மரச்சிலையைக் காண வருவோரை எண்ண முடிகிறது. ஆண்டு முழுதும் குழியிலே கால்வைத்து நெய்வோர் வேலையின்றிக் கழித்த நாட்களை எண்ண முடியாதா?

முடியும். கிழக்குக் கடற்கரையிலே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. அந்த நாட்களுக்காகத் தமிழ்நாடு அரசு மீனவர் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்குகிறது. 5,000 ரூபாயாயிருந்தது 8,000 ஆயிற்று. போதுமா என்பது வேறு கேள்வி. முதலாளி யாரென்று தேடாமலே, ஓய்ந்த நாளுக்கு அரசு பொறுப்பேற்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. கடலுக்கு இயன்றது தறிக்கு இயலாதா?

காலம் தாழ்த்தலாகாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்திலே தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமர்ந்துவிட்டது. 15 நாள் கணக்கு அதிலும் உண்டு. ஆனால், அரசின் முன்னனுமதி பெற்றே ஆட்குறைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, 100 பேர் உள்ள ஆலைக்கென்றிருந்தது, இன்று 300 பேர் உள்ள ஆலைக்கென்றாகிவிட்டது. பதிவேட்டில் உள்ளவரின் வேலியே தளர்கையில், பதிவேடே இல்லாதவரைப் பற்றி யார் பேசுவார்?

நாம்தான் பேச வேண்டும். நாம் வேண்டுவது இது: சங்கத் தறியாயினும் தனியார் தறியாயினும், பாவு தந்த நாளும் சேலை பெற்ற நாளும் அரசு பார்க்கும் ஏட்டிலே பதியட்டும். இடையிலே ஓய்ந்த நாளுக்கு, சராசரிக் கூலியிலே பாதி கிடைக்கட்டும். பட்டு விற்பனையிலே ஒரு சிறு பங்கும் அரசின் பங்கும் சேர்ந்து அதற்கு நிதியாகட்டும். பாவு மீண்டும் வரும்போது, அதிக நாள் காத்திருந்தவருக்கு அது முதலிலே போகட்டும்.

தோழர்களே! அரசு தொடங்கும்வரை காத்திருப்பானேன்? ஞாயிறுதோறும் ஒரு குறிப்பேட்டோடு புறப்படுங்கள். வீடுவீடாய்க் கேளுங்கள்: கடைசிப் பாவு வந்தது எந்நாள்? தறி ஓய்ந்தது எத்தனை நாள்? தேதியோடு எழுதுங்கள். அவரிடமே படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். பிள்ளையார்பாளையத்திலே தொடங்குவோம்.