சொந்தத் துணி

கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய மதுரைச் சுங்குடித் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். முடிச்சு அவிழ்த்த துணி பாகற்காய்த் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக நிற்கும். இரண்டு மூன்று சலவை கண்ட பிறகும் அந்தச் சுருக்கம் முழுதாகப் போகாது. இன்று கடைகளில் சுங்குடி என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்துச் சாயம் போட்டது. இல்லையென்றால் வெறும் பிரிண்ட். அச்சுப் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். முடிச்சுப் புள்ளி அப்படி இராது. ஒன்று கொஞ்சம் சதுரமாக, ஒன்று கொஞ்சம் கோணலாக இருக்கும். நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சாயம் ஏறிய ஒரு பொட்டு தெரியும். நூல்கட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த துணியின் நுனி சாயத்தைக் குடித்த தடம் அது.

இந்தப் பொட்டைப் பற்றி எனக்குச் சொன்னவர் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் ஒரு மூதாட்டி. தேனி சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் தெருக்களில், மதுரை நகருக்குள் இடம் போதாமல் மனை வாங்கி வந்த குடும்பங்கள் நிறைய. இவர்கள் திருமலை நாயக்கர் மஹால் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து வந்த சௌராஷ்டிரக் குடும்பம். மகன் வங்கி வேலை, மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை. பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, வாசல் வெளிச்சத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறார். கூலித் துணி இன்னும் நகரத்திலிருந்துதான் வருகிறது. மகன் இருசக்கர வண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டு, முடிந்ததை எடுத்துப் போகிறார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. கை நிக்காது, பேசிக்கிட்டே போடுறேன்" என்றார்.

துணியை நான்காக மடித்து வைத்திருந்தார். ஒரு முடிச்சுப் போட்டால் நான்கு புள்ளி விழும். புள்ளி குறித்த இடத்தில் அடியிலிருந்து இடது கை விரல் நகத்தால் துணியை ஒரு அரிசி அளவுக்குத் தூக்குகிறார். வலது கை நூலை இரண்டு சுற்று சுற்றி, சுண்டி இழுக்கிறது. நூலை அறுப்பதில்லை; அதே நூல் அடுத்த புள்ளிக்குப் போகிறது. நான் ஒரு முடிச்சைப் பார்த்து முடிப்பதற்குள் ஐந்தாறு தாண்டிவிடுகிறார். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், நூல் ஓடி ஓடி ஒரு வரி பள்ளமாகவே விழுந்திருக்கிறது. அதை அவர் பெருமையாகவும் காட்டவில்லை, வருத்தமாகவும் காட்டவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்து, "அது கிடக்கு" என்றார்.

நுணுக்கமான ஒரு சேலையில் 20,000 முடிச்சு வரை போவதுண்டு என்கிறார்கள் இத்தொழிலில் இருப்பவர்கள். சௌராஷ்டிரர்கள் நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்து, நெசவையும் சாயத்தையும் இந்த ஊரின் தொழிலாக்கினார்கள். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது, கைக்கு வரவில்லை. இப்போது முடிச்சுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள்.

"எத்தனை வயசிலம்மா ஆரம்பிச்சீங்க?"

"பாவாடை சட்டை போடுற வயசு. எங்க அம்மா மடியில துணி கிடக்கும். இன்னொரு முனையை என் மடியில போட்டுருவாங்க. அப்படியே பழகினதுதான்."

"முடிச்சை எண்ணுவீங்களா?"

"கூலிக்குன்னா எண்ணித்தான ஆகணும். நூறுக்கு ஒரு கோடு." பக்கத்தில் கிடந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். பென்சில் கோடுகள் வரிசை வரிசையாக இருந்தன. "எண்ணிக்கிட்டே போனா தோளு வலிக்கிறது தெரியும். சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது."

பிறகு எழுந்து போய், உள்ளிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதில் ஒரு பழைய வேட்டி. பாதிக்கு மேல் முடிச்சுகள் ஏறிச் சுருங்கிக் கிடந்தது. கணவருடைய வேட்டி. அவர் இறந்த பிறகு சில மாதங்கள் தூக்கமே இல்லை என்றார். "ராத்திரியில கூலித் துணிய எடுத்தா தப்பு வரும். இதுல தப்பானா யாரு கேக்கப் போறா? இதுல நான் எண்ண மாட்டேன் தம்பி. வலியும் தெரியாது."

அந்த வேட்டியை மடியில் விரித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் எள் விழ இடமில்லாத நெருக்கம். அதை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் துணி. அங்கிருந்து ஒற்றை வரிசை ஒன்று சாய்வாக ஏறி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மட்டும் நின்றுவிடுகிறது. பூவில்லை, மயிலில்லை, மாங்காய் இல்லை, கோலக் கட்டமும் இல்லை. வாழ்நாள் முழுவதும் குறித்த இடத்தில் மட்டும் முடிச்சுப் போட்ட கை, குறி இல்லாத துணியில் தன் போக்கில் போயிருக்கிறது.

"இது என்னம்மா, இந்தக் கோடு?"

"அதுவா? ஒண்ணும் இல்ல. அன்னிக்குக் கை போன வழி."

ஓவியக் கண்காட்சிகளில் அரூப ஓவியத்தின் முன்னால் நின்று "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் பதிலை விட நேர்மையான பதிலை எந்த ஓவியக் குறிப்பிலும் நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் அரூப ஓவியமும் துணியும் அண்டை வீட்டுக்காரர்கள். இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே, கடலோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். ஓவியம் விற்று அன்று யாரும் சாப்பிட முடியாது. அவர்கள் பத்திக் துணி செய்து விற்றார்கள். அந்த வருவாயை நம்பித்தான் நிலமும் குடியிருப்பும் வந்தன. பத்திக்கில் மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. சுங்குடியில் முடிச்சு இறுக்கிய இடத்தில் ஏறாது. அடிப்படை ஒன்றே. ஒரு பொழுது சாயத்தொட்டியில் கை வைத்துவிட்டு, மறுபொழுது தன் ஓவியத்துக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். கூலிக்கான துணியும் சொந்தத் துணியும் அங்கேயும் தனித்தனியாக இருந்தன.

கே.எம். ஆதிமூலத்தை நம் வாசகர்கள் அவருடைய கோட்டோவியங்கள் வழியாக அறிவார்கள். காந்தியை நூறு விதமாக வரைந்தவர், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குப் படம் போட்டவர். அவர் சென்னை நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக இருந்தவரும்கூட. பிற்காலத்தில் உருவங்களை விட்டு, அகன்ற வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அந்தப் பரப்புகளில் சாயம் ஊறிய துணியின் ஞாபகம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். இது என் எண்ணம், அவர் சொன்னதல்ல. அச்சுதன் கூடல்லூர் இன்னொரு வகை. கட்டடப் பொறியாளராகச் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே, மாலை நேரங்களில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரைந்து வளர்ந்தவர். 2022இல் காலமாகும் வரை சிவப்பையும் நீலத்தையும் விடாமல் உழுதுகொண்டிருந்தார். அளவு தவறக் கூடாத வேலையைப் பகலெல்லாம் பார்த்தவருக்கு, அளவே கேட்காத ஒரு பரப்பு சாயங்காலம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த அண்டை வீட்டு உறவு வெளிநாட்டிலும் உண்டு. ஜெர்மனியில் 1922இல் பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்த ஆனி ஆல்பர்ஸ் விரும்பிப் போன இடம் நெசவுக்கூடம் அல்ல. பெண்களை அன்று அங்கேதான் தள்ளினார்கள். அந்தத் தறியிலேயே அவர் கோடும் கட்டமும் மட்டுமான துணிகளைச் செய்தார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. துணி சுவரில் ஏறியபோதுதான் உலகம் அதைக் கலை என்று ஒப்புக்கொண்டது. மஞ்சள் பைக்குள் இருக்கும் வேட்டிக்கு இன்னும் அந்தச் சுவர் வரவில்லை. வரவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அம்மா சொன்ன "வலி தெரியாது" என்பதை வெறும் ஆறுதல் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமால் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத் தாள்கள் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற சுரப்பை அளந்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் ஏறுவது அது. நான்கில் மூன்று பங்குப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்னே பின்னே படம் போட்டுப் பழகியிருந்தார்களா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த 45 நிமிடத்தில் யாரும் எண்ணிக் கூலிக்குச் செய்யவில்லை என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே விரல், ஒரே நூல், ஒரே முடிச்சுதான். ஒரு துணியில் அது கழுத்து வலியாகிறது, இன்னொரு துணியில் தூக்கத்துக்கு வழியாகிறது. கைவேலை மனதுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லிக் கூலியைப் பேசாமல் விடுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. அமைதி கிடைக்கிறதே, அது போதாதா என்று வியாபாரி சொல்லக் கேட்டிருக்கிறேன். போதாது.

அந்தத் தெருவில் மாலையில் இப்போது ஒரு சிறு கூட்டம் சேர்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். ஆளுக்கொரு பழைய கைக்குட்டையோ தலையணை உறையோ கொண்டுவருகிறார்கள். அம்மா யாருக்கும் புள்ளி குறித்துக் கொடுப்பதில்லை. "நகத்தால தூக்கு, ரெண்டு சுத்து, சுண்டு" என்பதோடு சரி. "எங்கிட்டு வைக்கணும்?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "உன் துணிதான, எங்கிட்டு வேணாலும் வை. ஆனா இறுக்கிப் போடு. தளந்தா சாயம் உள்ள போயிரும்" என்றார். பேச்சு முழுக்க மாமியார், மின்வெட்டு, ரேஷன் கடை. கை மட்டும் அதன் வேலையில் இருக்கிறது. ஆசிரியை என்னிடம் சொன்னார்: "நாப்பது வருசம் பிள்ளைங்க தப்பைத் திருத்தியே பழகிட்டேன் சார். இதுல திருத்த ஒண்ணுமே இல்ல."

வேட்டி நிறைந்ததும் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோகும்போது என்னையும் கூப்பிட்டார். நாகமலை அடிவாரத்தில் பிறக்கிற கிருதுமால் நதி மதுரையின் தென்பகுதிக்குள் நுழைந்து போகும். ஒரு காலத்துப் புண்ணிய நதி, இப்போது சாக்கடை. அதைத் தாண்டித்தான் போனோம். ஊரின் கழிவையெல்லாம் சுமக்கிற அந்த நீரைப் பார்த்துவிட்டுச் சாயத்தின் அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. நல்ல தண்ணீர் இல்லாமல் நல்ல சாயம் இல்லை. வைகை நீரில் அலசினால்தான் நிறம் எடுக்கும் என்று சொன்ன தலைமுறை இருந்த ஊர் இது.

பட்டறைக்காரர் வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கருப்பு போட்டுருவோம்மா, புள்ளி பளிச்சுன்னு தெரியும்."

"கருப்பு வேணாம்ப்பா. அரக்கு போடு."

அரக்கு போட்டார். தொட்டியில் முக்கி, கம்பால் புரட்டி, எடுத்து, மூன்று தண்ணீரில் அலசிக் கொடியில் காயப் போட்டார். ஈரம் போன பிறகு அம்மா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துக் குறுக்கே இழுத்தோம். முடிச்சுகள் படபடவென்று தெறித்தன. நூல் காலடியில் குவிந்தது. நெருக்கம், வெறும் சாண், ஏறிப் பிரியும் வரிசை எல்லாம் அரக்கில் வெள்ளையாக வந்திருந்தன. அம்மா முதலில் தேடியது ஒரு மூலையை. அங்கே நாலைந்து புள்ளிகள் மங்கலாக இருந்தன. "பாத்தீங்களா, தளந்துருச்சு" என்று அதையே இரண்டு முறை தடவினார். பிறகு முழுத் துணியையும் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

பட்டறைக்காரரும் வந்து நின்று பார்த்தார். சொந்தமாகக் கடையும் வைத்திருப்பவர் அவர்.

"இதே மாதிரி பத்துச் சேலை போட்டுத் தருவீங்களாம்மா?"

"இதே மாதிரி வராது. புதுசா வேணா போட்டுத் தாரேன். ஆனா குறி போட்டுத் தரக் கூடாது. முடிச்சு எண்ணிக் கூலி பேசக் கூடாது. சேலைக்கு இவ்வளவுன்னு பேசுங்க."

அவர் ஒரு தொகை சொன்னார். அம்மா வேட்டியை மடித்துக்கொண்டே, தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அதைப் போல ஒன்றரை மடங்கு கேட்டார்.