முதலில் கணக்கு, அப்புறம் பட்டன்!

என்னிடம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக் கொள்ள வருகிற பெண்கள் எல்லோருக்கும் முதல் நாளே ஒரு விண்டோ வேண்டும். பட்டன் வேண்டும், எழுதுகிற பெட்டி வேண்டும், நல்ல கலர் வேண்டும். கறுப்புத் திரையில் இரண்டு எண்ணைக் கூட்டிக் காட்டினால், "இவ்வளவுதானா டீச்சர்?" என்று முகம் சுருங்கி விடும். குற்றம் சொல்ல மாட்டேன். 1991-ல் விஷுவல் பேசிக் வந்ததிலிருந்தே, பட்டனை மவுஸால் இழுத்து வைத்து விடலாம் என்றாகி விட்டதே!

என் நாத்தனார் பெண்ணும் அப்படித்தான். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் வெறும் வயிற்றில் மீட்டர் காட்டுவதை எழுதினால் 'சரி', 'அதிகம்', 'குறைவு' என்று சொல்ல ஒரு விண்டோ. பைதானோடு வரும் டிகின்டரில், அங்கேயும் இங்கேயும் எடுத்து ஒட்டி இரண்டே நாளில் செய்து விட்டாள். டாக்டர் சொன்ன எல்லை 70, 130. அவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி. இளம்பச்சையில் லட்சணமாகத்தான் இருந்தது.

முதல் நாள் காலை மீட்டரில் 105. விண்டோவோ 'குறைவு' என்றது. பெண் பதறிப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டு ஓடினாள். நாத்தனார் நிதானமானவள். "எனக்கு நடுக்கமும் இல்லே, வியர்வையும் இல்லே. மீட்டர்ல நூத்தியஞ்சு இருக்கு, உன் பெட்டி என்னடி குறைவுங்குது?" என்று டம்ளரைத் தள்ளி வைத்து விட்டாள். நல்ல வேளை! அன்றைக்கு 250 இருந்திருந்தாலும் அந்த விண்டோ 'குறைவு' என்றுதான் சொல்லியிருக்கும்.

சாயங்காலம் வரை அவள் எங்கே தேடினாள் தெரியுமோ? பட்டனில்! அழித்து மறுபடி வைத்தாள், பெட்டியை அகலமாக்கினாள். கோளாறு கணக்கிலா, விண்டோவிலா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இரண்டையும் சேர்த்தே கற்றவள் ஆயிற்றே.

"விண்டோவை மூடு" என்றேன். கறுப்புத் திரையில் மூன்றே வரி. 70, 105 இரண்டையும் கேட்டு வாங்கிக் கூட்டச் சொன்னோம். 175 வரவில்லை, 70105 வந்தது. "அத்தை, இது கூட்டலே, ஒட்டுது!" என்று குதித்தாள். நாம் தட்டுவது பைதானுக்கு முதலில் வெறும் எழுத்துதான். எழுத்தாக ஒப்பிட்டால் அகராதி வரிசை. 1 முன்னே, 7 பின்னே. ஆகவே 105 சின்னது! 'இன்ட்' போட்டு எண்ணாக்கியதும் சரியாயிற்று.

அப்புறம் மூன்று வாரம் விண்டோ பக்கமே போகவில்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் அரை மணி: வேரியபிள், இஃப், லூப், ஃபங்ஷன். ஃபங்ஷன் என்பது ஒரு வேலைக்குப் பெயர் வைத்து, வேண்டும்போது கூப்பிடுவது. விண்டோ சும்மா காத்திருக்கும். பட்டனை அழுத்தினால்தான் அதற்குரிய ஃபங்ஷனைக் கூப்பிடும். பட்டனிடம் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். கூடவே அடைப்புக்குறி போட்டால், யாரும் அழுத்துவதற்கு முன்பே வேலை நடந்து விடும். ஃபங்ஷனே தெரியாதவளுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது?

போன வாரம் இளம்பச்சை விண்டோவை மறுபடி எடுத்தாள். கணக்கைத் தனி ஃபங்ஷனாக எழுதி, 69, 70, 105, 130, 131 எல்லாம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பட்டனோடு சேர்த்தாள். "ஒண்ணுமே எழுதாம அழுத்தினா என்ன ஆகும் அத்தை?" என்று அவளே கேட்டாள். காலிப் பெட்டியை எண்ணாக்க முடியாதே. அதற்குத்தான் இப்போது வழி தேடிக் கொண்டிருக்கிறாள். நாத்தனார் இன்னும் மீட்டரைத்தான் நம்புகிறாள்.