பால்மரம் கற்பித்த பொறுமை



"பொறுமையாக இரு", "விடாமல் முயற்சி செய்" என்னும் இரண்டு அறிவுரைகளையும் ஆசிரியர்களாகிய நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! மாணவர்களும் அவற்றைக் கட்டுரையில் அழகாக எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால், பொறுமை என்றால் என்ன செய்வது? சும்மா இருப்பதா? முயற்சி என்றால் விரைந்து ஓடுவதா? அப்படியானால் இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்குமே! இந்த ஐயத்திற்கு எனக்கு விடை தந்தது பால்மரம். மெர்லிமாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய ஒருவரின் மகள் நான். (தோட்டப் பேச்சில் 'மரம் வெட்டுதல்' என்பது மரத்தைச் சாய்ப்பதன்று, பட்டையைச் சீவிப் பாலெடுப்பது.)

அந்த மரம் இந்த மண்ணுக்கு வந்த கதையே பொறுமையின் கதைதான். 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சில. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலாயாவின் தோட்ட முதலாளிகள் அம்மரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் நாட்டம் காப்பியிலும் மரவள்ளியிலும் இருந்தது. நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே பலன் தரும் மரத்தில் யார் பணத்தைப் போடுவார்?

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, சளைக்காமல் இரப்பரைப் பரிந்துரைத்து வந்தார். சட்டைப்பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு காண்போரிடமெல்லாம் கொடுத்து நடச் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பேச்சை நம்பியவர் நம் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். அடுத்து, எங்கள் ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நடவு தொடங்கியது. மலாயாவின் இரப்பர்த் தொழிலுக்கு வித்திட்டது மலாக்கா மண் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

ரிட்லியின் பெருமை விதை கொடுத்ததோடு முடியவில்லை. அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பாலெடுத்தார்கள். கொத்து ஆழமாக விழும். மரம் புண்பட்டு நலிந்துபோகும். ரிட்லி 1890களில் வேறொரு வழியைச் சோதித்தார். பட்டையைச் சாய்வாக மெல்லியதாகச் சீவினார். ஓரிரு நாள் கழித்து, புதிய இடத்தில் வெட்டாமல், அதே வெட்டின் விளிம்பையே மீண்டும் மெல்லச் சீவினார். முதல் வெட்டில் சொற்பமாகச் சுரந்த பால், சீவச் சீவப் பெருகிற்று! மரமும் சாகவில்லை.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும், நண்பர்களே. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. அதற்கும் உள்ளே, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய உயிரடுக்கு இருக்கிறது. உளி பால்குழாயை எட்ட வேண்டும், உயிரடுக்கைத் தொடக்கூடாது. இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மேலாகச் சீவினால் பால் இல்லை. ஆழ்ந்து போனால் மரத்தில் ஆறாத முடிச்சு. அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் பொறுமையும் முயற்சியும் ஒன்றாக வாழ்கின்றன. பொறுமை இல்லாத முயற்சி மரத்தைக் கொல்லும். முயற்சி இல்லாத பொறுமைக்கு மங்கு நிறையாது.

இனி என் கதைக்கு வருகிறேன். பள்ளிப் படிப்பை முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். முதலாண்டு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பே வரவில்லை. இரண்டாமாண்டு அழைத்தார்கள், இடம் கிடைக்கவில்லை. உடன் படித்த தோழியர் சிலர் தொழிற்சாலையில் சேர்ந்து மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்தனர். "போதும், நானும் வேலைக்குப் போகிறேன்" என்று அழுதேன். ஒட்டுப்பால் மணம் மாறாத கையோடு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா நிதானமாகச் சொன்னார்:

"புது மரம் மொத வெட்டுல பால் கொடுக்காதும்மா. அதுக்காகக் கோவப்பட்டு ஆழமா வெட்டுனா மரம் போயிரும். அதே எடத்துல மறுபடியும் மெல்லிசா சீவணும். பத்து வெட்டு போகட்டும், அப்புறம் பாரு."

ரிட்லியின் பெயரை அப்பா கேள்விப்பட்டதே இல்லை. ஆனால், அவர் கண்டறிந்ததை அப்பாவின் கை அறிந்திருந்தது. அந்த ஆண்டு தற்காலிக ஆசிரியராகப் பணியாற்றினேன். கரும்பலகை முன் நிற்கப் பழகினேன். மூன்றாம் முறை இடம் கிடைத்தது. அந்த ஓராண்டு அனுபவம் பயிற்சிக் காலத்தில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது.

தோல்வியில் பொறுமை வேண்டும் என்பதை எல்லாரும் சொல்வர். வெற்றியிலும் அது வேண்டும் என்பதைப் பால்மரமே எனக்குக் காட்டிற்று. 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கைக் கடந்தது. ஊரெல்லாம் இரப்பர்ப் பித்துப் பிடித்தது. 1932இலோ அதே ஒரு ராத்தல் சில பென்சுக்கு இறங்கியது. அந்த மந்தக் காலத்தில் வேலையிழந்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். விலை ஏறும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. கூடுதல் பாலுக்கு ஆசைப்பட்டு ஓய்வின்றி வெட்டினால், பட்டை வறண்டு பால் நின்றுபோகும் நோய் மரத்தைப் பற்றும். சீவிய பட்டை மீண்டும் வளர்ந்து வெட்டுக்கு ஏற்றதாக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும், ஒரு பக்கம் ஆறும்வரை மறுபக்கம் வெட்டுவதும்.

வகுப்பறையிலும் இதே பாடத்தைக் கண்டேன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதன்பின் ஈராண்டுகள் பள்ளி திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தன. 2022இல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. முதலாம் ஆண்டு அவனுக்குப் பெயரளவில்தான் நடந்திருந்தது. எந்த அட்டையைக் காட்டினாலும் "தெரியாது டீச்சர்" என்று தலைகுனிவான்.

நாள்தோறும் ஓய்வுநேரத்திற்கு முன் பத்து நிமிடம், நான்கு எழுத்து என்று தொடங்கினேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் நிலைக்கவில்லை. இன்று சொன்னது நாளை இராது. நான் எழுத்தைக் கூட்டவும் இல்லை, நேரத்தைக் குறைக்கவும் இல்லை. ஒரு நாள் சொல்லட்டைகளைத் தானே எடுத்து அருகருகே வைத்தான்.

"டீச்சர், 'படம்', 'பாடம்' ரெண்டுலயும் 'ப' இருக்கு. இதுல மட்டும் ஒரு கால் கூட இருக்கு!"

துணைக்காலின் பயனை அவன் தானே கண்டுபிடித்துவிட்டான். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தையில்லை. செய்தி கேட்ட அவன் தாயார் மறுநாளே கதைப் புத்தகங்களோடு வந்துவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள எல்லாத்தையும் படிச்சிருவானா டீச்சர்?" அவருடைய ஆவல் நியாயமானதே. "ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்மா. அவனே இன்னொரு பக்கம் கேட்டா மட்டும் கொடுங்க" என்றேன். அவன் ஆறாம் ஆண்டை எட்டியபோது, சபை கூடலில் செய்தி வாசிக்கும் மாணவர்களுள் ஒருவனாக நின்றான்.

திருவள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில் வைத்தார். ஆள்வினையுடைமையைப் பொருட்பாலில் வைத்து, அதற்கு அடுத்த அதிகாரமாக இடுக்கணழியாமையை அமைத்தார். முயல்பவனுக்கே இடையூறு வரும் என்பதால்தான் இவ்வரிசையோ என்று பாடம் நடத்தும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

இன்று எங்கள் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. எங்கள் மாணவருள் பலர் மங்கில் பால் சொட்டுவதைக் கண்டதில்லை. காண்டா வாளி என்றால் என்னவென்று கேட்கிறார்கள். மரம் போனாலும் அது சொன்ன பாடம் போய்விடக் கூடாது என்பதே என் ஆசை.

பெற்றோரே, ஆசிரியத் தோழர்களே! பிள்ளை இன்று படிக்கவில்லையே என்று உளியை ஆழ இறக்காதீர்கள். வரும்போது வரட்டும் என்று உளியைக் கீழே வைத்தும் விடாதீர்கள். நாளையும் அதே இடத்தில், மெல்லியதாக, ஒரு சீவு. பால் வரும்.